நிறைந்த சம்ப்புக்கு எட்டு லாரி

மனிதகுலத்தின் மொத்தத் துன்பத்துக்கும் ஒரே காரணம்தான், சார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. இதைக் கண்டுபிடித்து, மருந்தும் கண்டுபிடித்தவன் நான். நெருப்பு, சக்கரம், அதற்கடுத்து சிட்லபாக்கத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நான் எழுதிய கொஞ்சம் கோட். வரலாறு இந்த வரிசையில்தான் எழுதப்படும். நடுவில் வந்த மின்சாரம், தடுப்பூசி எல்லாம் நல்ல முயற்சிகள். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை.

வழக்கமாக உங்களை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். இது விசாரணை என்பதால் சார் என்று எழுதுகிறேன். அசோசியேஷன் செயலாளர் என்ற முறையில் நீங்கள், "சனிக்கிழமை என்ன நடந்ததுன்னு உள்ளது உள்ளபடி எழுதிக் கொடு ஜாய்சன், மழுப்பாதே" என்றீர்கள். மழுப்ப வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சனிக்கிழமை காலை உங்கள் மகள் சினேகா அக்காவின் நிச்சயதார்த்தம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் கேட்வரை வந்து, அப்படியே வண்டலூருக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் மறுபடி வருவார்களா, கல்யாணம் உண்டா இல்லையா என்பது இன்று மாலைக்குள் தெரியும் என்கிறார்கள். இதுதான் விஷயம். மீதியெல்லாம் தொழில்நுட்பம்.

தொழில்நுட்பத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பில்டிங்கில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டு வீட்டுக்கும் தரைக்கடியில் ஒரு சம்ப், ஒரு மேல்தொட்டி, ஒரு வாட்ச்மேன். காலையில் எழுந்ததும் எங்கள் அம்மா பால்கனிக்குப் போய், "சவுரிமுத்து, தண்ணி ஏறிடுச்சா?" என்று குரல் கொடுப்பார். சவுரிமுத்து அண்ணன், "ஏறிகினு கீதும்மா" என்பார். அம்மா உள்ளே வந்து இட்லி மாவைக் கலக்குவார். மறுபடி பால்கனி. "ஏறிடுச்சா?" இதற்குள் இரண்டாவது மாடியில் இன்னொருவர், முதல் மாடியில் இன்னொருவர். சவுரிமுத்து அண்ணனுக்கு ஒரு நாளில் பாதி, தண்ணீர் ஏறுகிறது என்று சொல்வதிலேயே போய்விடும். மீதிப் பாதி, தண்ணீர் இறங்குகிறது என்று சொல்வதில்.

நீங்களும் விதிவிலக்கு இல்லை, சார். பல் தேய்ப்பதற்கு முன்னால் டார்ச்சோடு வந்து சம்ப் மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பீர்கள். அரைமணி கழித்து மறுபடி எட்டிப் பார்ப்பீர்கள். நடுவில் தண்ணீர் எங்கேயாவது வெளியூர் போய்விட்டு வந்திருக்கும் என்ற சந்தேகத்தோடு. அதை நான் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன். நண்பர்களுக்கு நடித்தும் காட்டியிருக்கிறேன். டார்ச்சுக்கு பதில் கரண்டி.

இந்த நிலைமையில்தான் ஷெர்வின் அண்ணா வந்தார். என் காலேஜ் சீனியர், இப்போது நாவலூரில் ஐ.டி. வேலை. ஓய்வு நேரத்தில் 'வாய்க்கால்' என்று ஒரு ஃப்ரேம்வொர்க் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறார். அபார்ட்மென்ட்டில் இருக்கும் மோட்டார், சம்ப் சென்சார், லிஃப்ட், கேட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கிற சமாச்சாரம். நம் மீட்டர் ரூமில் ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறதே, அதற்குள் ஓடுவது அதுதான். என் ப்ராஜெக்டுக்காக நீங்களே அனுமதி கொடுத்தீர்கள். கையெழுத்து இருக்கிறது. இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை.

வாய்க்காலில் ஒரு குறை. கேட்டால்தான் பதில் சொல்லும். 'சம்ப் காலியா?' என்றால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அடுத்த நொடி காலியானாலும், நீங்களாகக் கேட்காதவரை அது பாட்டுக்கு இருக்கும். அதாவது, எங்கள் அம்மா பால்கனியிலிருந்து செய்கிற அதே வேலையை செல்போனிலிருந்து செய்யலாம். இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் அதன் ஏபிஐயில், அதாவது மற்ற புரோகிராம்கள் அதனோடு பேசுகிற வாசலில், ஈவென்ட் லிசனர் சேர்த்தேன். ஒன்றும் பெரிய விஷயமில்லை, மனித வரலாற்றைத் திருப்பிப் போடுகிற விஷயம்தான். இனி யாரும் எதையும் விசாரிக்க வேண்டாம். 'சம்ப் பாதிக்குக் கீழே போனால் இதைச் செய்' என்று ஒரே ஒரு தடவை பதிந்து வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். அந்த நிலை வந்ததும் வாய்க்காலே கூப்பிட்டுச் சொல்லும், சொன்ன வேலையையும் செய்யும். ஷெர்வின் அண்ணாவிடம் காட்டினேன். "நல்லாருக்குடா. ஆனா யாராவது ஒழுங்கா டெஸ்ட் பண்ணாம மெயின் கோட்ல சேர்க்க மாட்டேன்" என்றார்.

ஒழுங்காக டெஸ்ட் செய்கிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். உங்கள் மகள்.

சினேகா அக்காவும் நாவலூரில்தான் வேலை, டெஸ்டர். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். சம்பளம் தராவிட்டாலும் செய்வார் என்பது என் அபிப்பிராயம். ஒரு சாயங்காலம் முழுக்க வாய்க்காலைக் குடைந்துவிட்டு, மாடிப்படியில் என்னைப் பிடித்தார்.

"லிசனரைச் சேர்க்க வழி வச்சிருக்க. எடுக்க வழி எங்கடா?"

"எதுக்குக்கா எடுக்கணும்?"

"வேண்டாம்னு தோணினா?"

அப்படி யாருக்கும் தோன்றாது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டதுபோல் தெரியவில்லை. அடுத்ததற்குப் போனார். பத்துப் பேர் ஒரே ஈவென்ட்டுக்கு ஒரே வேலையைப் பதிந்து வைத்தால் என்ன ஆகும், ஒருவர் செய்துவிட்டது மற்றவருக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அதுதான் இந்த வடிவமைப்பின் அழகு, ஒருத்தர் விஷயத்தில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்க முடியாது என்றேன்.

"நம்ம பில்டிங்லயா?" என்றார் அக்கா. சிரித்தார்.

இரண்டையும் புகாராகப் பதிவு செய்தார். கோட் என்னுடையது என்பதால் புகாரை முடித்துவைக்கும் உரிமையும் என்னிடம் இருந்தது. இரண்டுக்கும் 'தேவையில்லை' என்று காரணம் எழுதி மூடினேன். "சரிடா, பட்டுத் தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் வருத்தம் எதுவும் கிடையாது. அந்தச் சிரிப்பு எந்தப் படியில் நின்று சிரிக்கப்பட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது. கீழிருந்து நான்காவது.

ஷெர்வின் அண்ணாவிடம் டெஸ்ட் ஆகிவிட்டது என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனது. பாஸ் ஆனது என்று நான் சொல்லவே இல்லை. அவரும் நம்பிச் சேர்த்துவிட்டார்.

இனி நம் மக்களைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

போன கோடையில் நீங்கள் ஒரு தீர்மானம் போட்டீர்கள். தண்ணீர் லாரியைச் செயலாளர் மட்டும்தான் கூப்பிட வேண்டும், ஆளாளுக்குக் கூப்பிடக் கூடாது. எல்லோரும் கைதூக்கினார்கள். லிசனர் விஷயம் பரவிய பிறகு, முதலில் மிருதுளா ஆன்ட்டி வந்தார், ஒரு டப்பா நிறைய அச்சு முறுக்கோடு. கதவைச் சாத்திவிட்டு, சம்ப் பாதிக்குக் கீழே போனால் தன் பெயரில் குப்புராஜுக்கு ஒரு மெசேஜ் தானாகப் போய்விட வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது என்றார். குப்புராஜ் அண்ணன் லாரிக்காரர். அவருக்கு 'ஒரு லோடு' என்று மெசேஜ் போட்டால் போதும். "செக்ரட்டரி நல்லவர்தான்ப்பா. ஆனா மறந்துடுவார், பாவம்" என்றார் ஆன்ட்டி.

மறுநாள் எலியேசர் அங்கிள் வந்தார். கிட்டத்தட்ட அதே வாக்கியம். அதே 'பாவம்'. அதற்கடுத்த நாள் இன்னொருவர். ஒவ்வொருவரும் கதவைச் சாத்தினார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இந்த யோசனை வந்திருக்கிறது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்கிற சுபாவம் எனக்கு இல்லை. தொட்டி ஒன்று, தண்ணீர் ஒன்று, யார் கூப்பிட்டாலும் எல்லோருக்கும்தான் வரும். அது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கும். இன்னொருத்தரை நம்பிச் சும்மா இருப்பதற்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏழாவதாக வந்தவரின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். நீங்கள், சார். "நான்தான் செக்ரட்டரி. இருந்தாலும் ஒருவேளை மறந்துட்டா?" என்றீர்கள். "யாருக்கும் தெரிய வேண்டாம்ப்பா" என்றும் சொன்னீர்கள். தன்னிடமிருந்தே ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிய ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மரியாதை கூடியது.

எட்டாவது எங்கள் அம்மா.

ஆக, ஒரே ஈவென்ட், எட்டு லிசனர், எட்டு மெசேஜ். அக்கா சொன்ன இரண்டாவது புகார் இதுதான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். நினைத்த உடனே வேறு ஒன்றை நினைத்துக்கொண்டேன்.

இப்போது நிச்சயதார்த்தம். ஜெபகுமார் அண்ணனும் சினேகா அக்காவும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, அவர்களாகவே முடிவு செய்த சம்பந்தம் இது. மாப்பிள்ளையின் அம்மா கெசியா அம்மாள் வண்டலூரில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு வருஷம் பிடிகொடுக்கவில்லை. போன மாதம்தான் இறங்கி வந்தார். அதுவும் ஒரு தடவைதான் வருவேன், பார்ப்பேன், ஒழுங்கான வீடாக இருந்தால் மோதிரம் மாற்றிக்கொள்ளட்டும் என்று. இதையெல்லாம் எனக்குச் சொன்னது சினேகா அக்காதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கையில் பாதி மருதாணியோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"அத்தை ரொம்ப ஒழுங்கு பார்ப்பாங்கடா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் உன் வாய்க்காலைத் தூங்க வை. ப்ளீஸ்."

அக்கா என்னிடம் ப்ளீஸ் சொன்னது அதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினால் போதும். மீட்டர் ரூம்வரை போனேன். கையைக்கூட வைத்தேன். அப்போது ஒரு யோசனை வந்தது. ஜெபகுமார் அண்ணன் சாதாரண ஆள் இல்லை, அவர் கம்பெனியில் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். இந்த மாதிரி ஃப்ரேம்வொர்க்குகளைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவர். அப்பேர்ப்பட்டவர் நம் பில்டிங்கில் இரண்டு மணி நேரம், மோதிரத்தோடும் கேக்கோடும், வேறு வேலை இல்லாமல் இருக்கப்போகிறார். தூங்குகிற வாய்க்காலை அவருக்கு எப்படிக் காட்டுவது? ப்ளக்கை விட்டுவிட்டேன். சரி என்று நான் அக்காவிடம் சொன்னதும் உண்மைதான். எதற்குச் சரி என்று அவரும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை சம்ப் நிறைந்திருந்தது. விசேஷ வீடு என்று முந்தின நாளே நீங்கள் முறைப்படி ஒரு லாரி இறக்கியிருந்தீர்கள். நிறைந்த சம்ப் எந்தச் செய்தியும் அனுப்பாது. ஜெபகுமார் அண்ணன் முன்னால் என் லிசனர்கள் எட்டும் வாயில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் அவர்கள் வருவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, 'சம்ப் பாதிக்குக் கீழே' என்ற ஈவென்ட்டை நானே கையால் அனுப்பினேன். பெரிய கம்பெனிகளில் ஒத்திகைக்கென்று தனி இடம் வைத்திருப்பார்கள். எனக்கு இருப்பது ஒரே சம்ப்.

எட்டு மெசேஜும் போனது. ஒன்றுகூடத் தவறவில்லை, ஒன்றுகூடத் தாமதிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்ததைப் பெருமை என்று சொல்ல மாட்டேன். கண் கொஞ்சம் கலங்கியது.

லாரி பற்றி நான் கவலைப்படவில்லை. குப்புராஜ் அண்ணனை உங்களுக்கே தெரியும். 'தோ வந்துகினே இருக்கேன் சார்' என்றால் நாளை மதியம் என்று அர்த்தம். நாளை என்றால் அடுத்த வாரம். அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததாகத் தாம்பரம் வட்டாரத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஒரே பில்டிங்கிலிருந்து எட்டு ஆர்டர் வந்ததும், இங்கே ஏதோ விபரீதம் நடந்துவிட்டது, மக்கள் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். தன்னிடம் இருந்தது ஐந்து லாரி. மச்சினரிடம் இரண்டு கடன் வாங்கினார். குரோம்பேட்டை பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்த ஒன்றைக் கைகாட்டித் திருப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்கு வந்தார்.

நம் தெருவில் ஒரு லாரி நின்றால் பக்கத்தில் சைக்கிள் போகலாம். இரண்டு நின்றால் பூனை போகலாம். எட்டு நின்றது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் லாரியின் படியில் தொங்கியபடி குப்புராஜ் அண்ணன் வந்த காட்சியை நீங்கள் பார்த்தீர்கள். அவருக்குத் தன்னை யாரோ மாலை போட்டு வரவேற்கப்போகிறார்கள் என்ற எண்ணம் இருந்தது. வாசலில் பூ வளைவும், 'வருக' என்ற பலகையும் வேறு இருந்ததா.

சவுரிமுத்து அண்ணனைக் குற்றம் சொல்ல முடியாது. லாரி வந்தால் மூடியைத் திறக்க வேண்டும், அதுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருப்பது. திறந்தார். சம்ப் ததும்ப நின்றது. முதல் டிரைவர் பைப்பைப் போட்டார். வேண்டாம் என்று நீங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடிவருவதற்குள் பார்க்கிங்கில் கணுக்கால் தண்ணீர். குப்புராஜ் அண்ணன் அசையவில்லை. "கொண்டாந்த தண்ணிய திருப்பி எட்துகினு போற பயக்கம் நம்மளாண்ட இல்ல சார்" என்றார். சிவப்புக் கம்பளம் மிதந்தது. ஃபைபர் நாற்காலிகள் வரிசை கலையாமல் மெதுவாக நகர்ந்து, லிஃப்ட் பக்கம் போய் நின்றன. அவ்வளவு ஒழுங்காக நகர்ந்ததை நான் கவனித்தேன். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில் மாட்டிக்கொண்டது. கெசியா அம்மாள் இறங்கி, பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லாரிகளுக்கும் சுவருக்கும் நடுவில் நடந்து வந்தார். கேட்டில் நின்றார். அந்த நேரம் பார்த்து, யார் கூப்பிட்டது இத்தனை லாரியை என்று நம் ஆட்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேருமே, நான் இல்லை என்றார்கள். குப்புராஜ் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. செல்போனை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு தலை குனிந்தது. எங்கள் அம்மா குனியவில்லை, பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்தார். ஏழாவதாக, "செக்ரட்டரி தனசிங் சார், ஒரு லோடு" என்று வாசித்தார்.

கெசியா அம்மாள் உங்களைப் பார்த்தார்.

"ஒழுங்கான இடம்னு சொன்னாங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் யாரையாவது வெளியே நிறுத்துவதற்கு முன் இப்படித்தான் பேசியிருப்பார் என்று தோன்றியது. திரும்பி வேனுக்கு நடந்தார். ஜெபகுமார் அண்ணன் ஷூவும் கோட்டுமாகத் தண்ணீரில் நின்று மாடியைப் பார்த்தார். அங்கே ஜன்னலில் சினேகா அக்கா நின்றிருந்தார். "அம்மாவ விட்டுட்டு வரேன்" என்று சைகையும் சத்தமுமாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். அதன் பிறகு ஒரு நாள் முழுக்க ஆகிவிட்டது.

மோதிரம் மாற்ற வந்த வேன் பின்பக்கமாகவே தெருவை விட்டுப் போனது. திருப்ப இடம் இல்லை.

பிறகு மாடிப்படியில் அக்காவைப் பார்த்தேன். அலங்காரம் எதுவும் கலையவில்லை, முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. திட்டவில்லை. அழவும் இல்லை. டெஸ்டர் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"ஈவென்ட் தானா வந்துச்சா, நீ அனுப்பினியா?"

"தானா வந்துச்சுக்கா," என்றேன்.

சம்ப் நிறைந்திருந்தது அவருக்குத் தெரியும். தானாக வர வழியே இல்லை என்பதும் தெரியும். மறுபடி கேட்கவில்லை. மருதாணி சரியாகச் சிவந்த கையால் கதவைச் சாத்திக்கொண்டார். மறுபடி கேட்கப்படாத கேள்வி இவ்வளவு தொந்தரவு செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இது தொழில்நுட்பக் குறிப்பு, வேறொன்றுமில்லை.

இதுவரை எழுதியதை வைத்துப் பார்த்தால், ஒரு மென்பொருளில் ஒரு சின்னக் குறை, அதற்கு மேல் குப்புராஜ் அண்ணனின் அளவுகடந்த சுறுசுறுப்பு என்று முடித்துவிடலாம். நீங்களும் அப்படியே முடிக்க விரும்புவீர்கள், ஏழாவது பெயர் காரணமாக. ஆனால் மழுப்பாதே என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

லாரிகளைக் கிளப்புவதற்கு முன் குப்புராஜ் அண்ணன் போன் செய்தார்.

கடைசி மெசேஜ் எங்கள் அம்மா பெயரில் போயிருந்ததால் எங்கள் வீட்டுக்குச் செய்தார். அம்மா உங்கள் வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் எடுத்தேன்.

"இன்னா தம்பி, உங்க பில்டிங்லர்ந்து எட்டு லோடு வந்துகீது. மெய்யாலுமே எட்டும் வோணுமா? இன்னா மேட்டரு, ஒரே பேஜாரா கீதே."

அவர் கேட்டார், சார். உலகத்திலேயே விசாரிக்காத மனிதர், யார் செத்தாலும் நாளைக்கு வருகிறேன் என்று சொல்கிற மனிதர், அன்றைக்கு ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதும். தப்பாகப் போய்விட்டது அண்ணா, ஒன்றும் அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருந்தால், இந்நேரம் நீங்கள் கேக் மீதியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருப்பீர்கள்.

நான் யோசித்தேன். நிதானமாகவே யோசித்தேன், பதற்றத்தில் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் எனக்காக ஒரு காரணம் தேட வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால் எட்டு ஆர்டர் தப்பு என்று ஆகும். எட்டு ஆர்டர் தப்பு என்றால் அக்காவின் இரண்டாவது புகார் சரி. அது சரி என்றால், நான் மூடிய புகாரை நானே திறக்க வேண்டும். அக்கா அந்த நான்காவது படியில் நின்று மறுபடி ஒரு சிரிப்பு சிரிப்பார். ஒரு பக்கம் அவருடைய இரண்டு வருஷக் காத்திருப்பு. இன்னொரு பக்கம் அந்தச் சிரிப்பு. தராசில் வைத்துப் பார்த்தேன்.

"அண்ணா, ஒரு தடவை சொன்னா போதாதா? எதுக்குத் திருப்பித் திருப்பிக் கேக்குறீங்க?" என்றேன். "எட்டும் அனுப்புங்க. சீக்கிரம் அனுப்புங்க."

சீக்கிரம் என்ற வார்த்தை அவ்வளவு அவசியமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, லிசனர்கள் தப்புச் செய்யவில்லை. அவை கூப்பிட்டன, அவ்வளவுதான். லாரிகளை வரச் சொன்னது நான். உங்கள் மகளின் நிச்சயதார்த்தத்தை நிறுத்தியதும் நான்தான், வேண்டுமென்றேதான், ஒரு புகாரைத் திறக்காமல் இருப்பதற்காக.

எனக்கு இதில் உறுத்தல் எதுவும் இல்லை. நேற்று இரவு தூக்கம் வராததற்குக் கொசு காரணம். தேங்கிய தண்ணீர் இன்னும் வடியவில்லை. இன்று காலை அக்காவின் இரண்டு புகாரையும் திறந்து, லிசனரை நீக்குவதற்கும், ஒருவர் கூப்பிட்டுவிட்டால் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வதற்கும் வழி எழுதி ஷெர்வின் அண்ணாவுக்கு அனுப்பினேன். கண்டுபிடித்தவர் பெயர் சினேகா என்று போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லை, அதனால்தான். பிறகு மாப்பிள்ளை வீட்டு நம்பரை மிருதுளா ஆன்ட்டியிடம் வாங்கி, கெசியா அம்மாளுக்கு போன் செய்து, குப்புராஜ் அண்ணனிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். தனசிங் சார் குற்றவாளி இல்லை, அவர் ஏழாவதுதான் என்றும் சொன்னேன். அந்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ன படிக்கிற?" என்றார். சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டார். ஜெபகுமார் அண்ணன் மட்டும் பிற்பாடு அக்காவுக்கு மெசேஜ் போட்டாராம், அம்மா புடவை மாற்றுகிறார், எங்கே போகவென்று சொல்லவில்லை, இருட்டுவதற்குள் வந்தால் வந்தோம் என்று.

வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். கேட்டில் புதிதாக ஒரு லிசனர் வைத்திருக்கிறேன். கார் போகிற பெரிய கதவு திறந்தால் என் போன் அடிக்கும். போன் மேஜைமேல், நிறைய சார்ஜோடு, முழுச் சத்தத்தில் இருக்கிறது. சோதித்தும் பார்த்தாகிவிட்டது, சரியாக வேலை செய்கிறது. அதனால் நான் ஜன்னலுக்கோ பால்கனிக்கோ போக வேண்டிய தேவை எதுவும் இல்லை. இதை எழுதும்போது நடுநடுவே எழுந்து போனது கால் மரத்துப்போனதால்.

இத்துடன் என் விளக்கம் முடிகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் காற்றுக்காகப் பால்கனிக்குப் போனேன். கேட் மூடியிருந்தது. தெருவில் லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களில் தண்ணீர் நின்றிருந்தது. பக்கவாட்டில் உங்கள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது.

"சவுரிமுத்து அண்ணா," என்றேன், சத்தம் அதிகம் போகாமல். "வண்டலூர் வண்டி வந்துடுச்சா?"

"இப்பதான தம்பி கேட்டுகினு போனே. வந்தா நா சொல்ல மாட்டனா?"

"சரிண்ணா."

உள்ளே வந்து உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. பேனாவை மூடினேன், திறந்தேன், கையெழுத்துப் போட்டேன். ஜாய்சன், மூன்றாவது மாடி. மறுபடி பால்கனிக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்போ?" என்றேன்.